திசைகாட்டிப் பெட்டியில் இருந்த மாத்திரைகள்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நான் கொடுத்த தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே உன் கைக்கு வந்திருக்கும். டாக்டர் கொடுத்த மருந்தை ஜெசிந்தாவுக்கு உடனே கொடு, கடிதம் வருகிறது என்று அதில் இருக்கும். நீ அதன்படி செய்திருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒருவேளை தந்தியைப் பார்த்த பிறகும் யோசனை செய்துகொண்டு மாத்திரைப் பொட்டலத்தை அலமாரியிலேயே வைத்திருந்தால், கடிதத்தை இந்த இடத்தில் மடித்துவைத்துவிட்டு எழுந்து போ. டாக்டர் எப்படிச் சொன்னாரோ அப்படி முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படி. நான் சொல்லி நீ எத்தனையோ விஷயத்தைக் கேட்டதில்லை, நானும் விட்டுவிட்டேன். இது ஒன்றை மட்டும் கேள்.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. பம்பாயிலிருந்து உன் கையெழுத்தைப் பார்த்தால் நான் உடனே பிரிக்க மாட்டேன். அடுப்பு வேலையை முடித்து, சாப்பிட்டு, கை கழுவி, பிறகு சாவகாசமாகப் பிரிப்பேன். மாதத்தில் ஒரு நாள் வருகிற சந்தோஷத்தை ஏன் அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டும் என்று நினைப்பு. நேற்றும் அப்படித்தான் சோற்றைத் தின்றுவிட்டுப் பிரித்தேன். ஜெசிந்தாவுக்கு ஆறாம் மாதம், நாலு நாளாகக் குளிர்காய்ச்சல், இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் வலி, நீர் கழிக்கும்போது எரிச்சல், டாக்டர் நீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு உள்ளே கிருமி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, “அக்காவுக்கு அந்த மாத்திரை செய்ததை நான் மறக்கவில்லை அப்பா. அதனால் இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், இங்கே நாட்டு மருந்து தெரிந்த நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அழைத்துப் போகிறேன்” என்று எழுதியிருந்தாய். கடிதம் வந்து சேரவே நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். நான் இங்கே மீன் ஆய்ந்து, சோறு தின்று, கை கழுவிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அந்த மாத்திரை என்ன செய்தது என்று உனக்குச் சொன்னது நான். வேறு யாரும் இல்லை. அதனால் திருத்த வேண்டியவனும் நான்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முப்பது வருஷம் தோணியில் தண்டலாக இருந்து ஆட்களை நடத்தியவன், கொழும்புத் துறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேருவான் என்று பெயர் வாங்கியவன், நேற்றிரவு முதல் ஒரு தாளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நம் வீட்டில் நல்ல தண்ணீர்ப் பானையின் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்திருக்குமே, நினைவிருக்கிறதா? அது வெறும் சிரட்டை இல்லை. ஒரு தடவை வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும்போது நடுவழியில் காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்கிப்போய் மூன்று நாள் அப்படியே கிடந்தோம். பீப்பாய்த் தண்ணீரை ஆளுக்குக் காலையில் ஒரு சிரட்டை, மாலையில் ஒரு சிரட்டை என்று அளந்து கொடுத்தேன். நான் பாதிச் சிரட்டைதான் குடித்தேன். கரைக்கு வந்ததும் அந்தச் சிரட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பானை மேல் வைத்தேன். கடலில் போகிறவன் வீட்டில் தண்ணீரைக் கண்டபடி குடிக்கக் கூடாது என்று உங்களுக்குச் சட்டம் போட்டேன். நம் தெருக் கிணறு உப்பு, நல்ல தண்ணீர் வண்டியில்தான் வரும், அதனால் அந்தச் சட்டத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. நீ ஒளித்து ஒளித்துக் குடிப்பாய், அகப்பட்டு அடி வாங்குவாய். உன் அக்கா பிலோமி அப்படியில்லை. அவள் பாதிச் சிரட்டைதான் குடிப்பாள், குடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் “என் மகள்தான் தண்டல் மகள்” என்று நாலு பேர் கேட்கச் சொல்வேன். அந்த ஒரு பேச்சுக்காகத் தாகத்தோடு திரிந்த பிள்ளை அவள். எங்கள் கூட்டத்துக்கே இது ஒரு பைத்தியம். சங்கு குளிக்கிறவன் மூச்சை அடக்கினால் பெருமை, தோணிக்காரன் தாகத்தை அடக்கினால் பெருமை, வீட்டுப் பெண் எதையும் வெளியே சொல்லாமல் அடக்கினால் அதற்கும் பெருமை.

அம்மா காலராவில் போனபோது உனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. உன்னை வளர்த்தது அவள்தான், நான் பாதி நாள் கடலில் இருந்தேன். அது உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உங்கள் இருவருக்கும் நடுவில் அம்மாவுக்கு ஒரு பிள்ளை தங்கி ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். நான் துறைமுகத்து மருந்துக்கடையில் கேட்டு, மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா வாங்கி, அளவு கிளவு ஒன்றும் தெரியாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை விழுந்துவிட்டது. கசப்பு மருந்துதான் பிள்ளையைக் கரைத்தது என்று அன்றைக்கு மனதில் ஒரு முடிச்சுப் போட்டேன். காய்ச்சலும் கருவைக் கலைக்கும் என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இங்கிலீஷ் மருந்து விஷம் என்பது அதற்குப் பிறகு எனக்கு வேதம் மாதிரி ஆகிவிட்டது.

உலகச் சண்டை நடந்த காலத்தில் பிலோமி ஏழாம் மாதத்தில் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. நீ கொழும்பில் கடை வேலையில் இருந்தாய். தாய் இல்லாத தாய்வீட்டுக்கு ஒரு பெண் வந்தால் அப்பன் என்ன செய்வான்? மீன் வாங்கிக் கொடுத்தேன், முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தேன், சட்டம் போட்டேன். அந்தி சாய்ந்த பிறகும் விடியும் முன்னும் வயிற்றுப்பிள்ளைக்காரி வெளியே போகக் கூடாது, காத்துக் கறுப்பு அடிக்கும் என்று ஊரில் சொல்வார்களே, அதை நான் ஒரு சொல் குறையாமல் கடைப்பிடித்தேன். வாசலில் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தேன். நம் தெருப் பெண்கள் ஒதுங்கப் போவது உடைமரக் காட்டுக்கு, அதுவும் இருட்டில்தான். பகலில் அந்தப் பக்கமெல்லாம் ஆண்கள் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். அப்படியானால் என் மகள் எப்போது போவாள் என்று நான் யோசிக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். தெரியாது என்பது சரி, கேட்கவில்லை என்பதுதான் முழுசு. அவள் செய்தது ஒன்றே ஒன்று. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பாதிச் சிரட்டை காலையில், அவ்வளவுதான். நான் அதையும் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்பாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எதிர்வீட்டு மருத்துவச்சி சூசையம்மாவிடம்தான் எரிச்சலைச் சொல்லியிருக்கிறாள். சூசையம்மா அடுப்படிக் குசினி வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அண்ணே, பிள்ளைக்கு நீர்க்கடுப்பு. காய்ச்சலும் சேந்திருக்கு. இது என் கைக்கு அடங்காது. டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க.” பேறுகாலம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். அந்தப் புத்தி எனக்கு இல்லை. ஆனாலும் மாட்டுவண்டி வைத்துக் கூட்டிப் போனேன். அந்த டாக்டரம்மா அப்போதுதான் நம் ஊருக்கு வந்திருந்தார்கள், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள், அது மோர் மாதிரி திரிந்தது. ஒரு பொட்டலம் நிறைய வெள்ளை மாத்திரையும், சோடா உப்புக் கலந்த மருந்துத் தண்ணீர் ஒரு குப்பியும் கொடுத்தார்கள். ஏழு நாள் விடாமல் கொடுக்கணும், ஒவ்வொரு மாத்திரைக்கும் பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கணும், நீரை அடக்கவே கூடாது, மூன்றாம் நாள் வந்து சொல்லணும் என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காய்ச்சல்காரிக்குக் குடம் குடமாகத் தண்ணீரா என்று வண்டியில் வரும்போது சிரித்துக்கொண்டேன்.

இனி எழுதப் போவதை இதுவரை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட முழுசாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைத் தோணியிலிருந்து கொண்டுவந்த திசைகாட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மருந்துத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன். சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்து, கருப்பட்டியில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினேன். பேரனைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் அத்தனை கவனமாக உருட்டினேன். டாக்டரம்மா சொன்ன நேரம் தப்பாமல் அவளுக்குக் கொடுத்தேன். முதல் உருண்டையை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“டாக்டரம்மா வெள்ளை மாத்திரைன்னுல்லா சொன்னாவ, இது கறுப்பா இருக்கேப்பா” என்றாள்.

“இது அதுதாம்ளா, முழுங்கு” என்றேன்.

அவள் விழுங்கினாள். நான் ஊற்றிக்கொடுத்த பாதிச் சிரட்டைத் தண்ணீரில் விழுங்கினாள். வேறொன்றும் கேட்கவில்லை, பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நேரத்துக்கு நேரம் கையை நீட்டுவாள், நான் வைப்பேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. அந்தக் காய்ச்சல் அப்படித்தான் விட்டு விட்டு வருமாம். எனக்குத் தெரியாது. என் மருந்துதான் வேலை செய்கிறது என்று மார்தட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், மாத்திரை சாப்பிடுகிறாள், குணம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறாம் நாள் காய்ச்சல் மறுபடி தூக்கியது. எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இத்தனை மாத்திரை சாப்பிட்டும் ஏன் கேட்கவில்லை என்று டாக்டரம்மா என்னையே கேட்டார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நேரத்திலும் ஏதாவது செய்திருப்பார்களோ என்னவோ. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை செத்துப் பிறந்தது, ஆண் பிள்ளை. மறுநாள் பிலோமியும் போய்விட்டாள்.

கல்லறையில் மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது யாரோ ஒருவர் என் தோளைப் பிடித்து, “அந்த இங்கிலீஷ் மாத்திரைதான் உசிரக் குடிச்சிட்டுது, என்ன?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் தலையை ஒரு ஆட்டு ஆட்டி மறைத்தேன், ஊரே மறைத்துக்கொடுத்தது. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் நீ கொழும்பிலிருந்து வந்து என் மடியில் விழுந்து அழுதபோது, ஊர் சொன்னதையே உனக்கும் சொன்னேன். நீ டாக்டரம்மாவை வைதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று முதல் நான் தனியாள். நீ பம்பாய்க்குப் போனதால் அல்ல. ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்கு நேராத ஒன்றுக்காக எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மருந்து கொன்ற பெண்ணின் அப்பன் என்று பாவம் பார்த்தார்கள். அந்த ஆறுதலைக் கேட்பதைத் தவிர்க்கத் தொடங்கினேன். கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன், பிறகு துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கும். சாயங்காலம் துறைமுகத்துக்குப் போய் மற்றவர்களுடைய தோணி வருவதைப் பார்த்துவிட்டு, யாராவது பேச்சுக் கொடுப்பதற்கு முன் வந்துவிடுவேன். ஒருவனுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எப்படி அளந்து போட்டாலும் இன்னொருவருக்கு மிஞ்சும். மிஞ்சியதைப் பார்த்தால் யாருக்கு என்று மனசு கேட்கும். நீ உன்னோடு வந்து இருக்கச் சொல்லி மூன்று தடவை எழுதினாய். கடற்காற்று இல்லாமல் எனக்கு உறக்கம் வராது என்று பதில் போட்டேன். உண்மை அதுவல்ல. உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தினம் உன் முகத்தைப் பார்த்து, அக்காவைப் பற்றி நீ பேசுவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் திசைகாட்டிப் பெட்டியைத் திறந்தேன். பொட்டலம் பழுத்துப்போய் அப்படியே இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் நடந்தே போனேன். அவர்களுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. உன் கடிதத்தை முதலில் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பொட்டலத்தை மேசை மேல் வைத்தேன். பிரித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார்கள், வெளியே போ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மாத்திரைகளைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டு மடித்தார்கள். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்கள்.

“அதுக்கப்புறம் உங்க தெருவிலிருந்து ஒரு கர்ப்பிணி காய்ச்சல்னு என்கிட்ட வரல. எல்லாம் முத்திப்போன பிறகு தூக்கிட்டு வருவாங்க. என் மருந்துதான் அந்தப் பொண்ணைக் கொன்னுட்டுதோன்னு நானே பாதி நம்பிட்டேன், பெரியவரே.”

மகனே, நான் ஒரு பெண்ணை இழந்தேன் என்றுதான் இத்தனை வருஷம் கணக்கு வைத்திருந்தேன். என் ஒரு தலையாட்டலுக்கு எத்தனை வீட்டில் எத்தனை பேர் போனார்களோ, எனக்குத் தெரியாது, யாரும் எனக்குச் சொல்லப் போவதும் இல்லை.

அழுவதற்கு டாக்டரம்மா என்னை விடவில்லை. தந்தி வாசகத்தை அவர்களே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, தபாலாபீஸ் மூடுவதற்குள் போகச் சொன்னார்கள். போவதற்கு முன் ஜெசிந்தாவுக்காகச் சிலது சொன்னார்கள். தந்தியைக் கொடுத்துவிட்டு, மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கர்ப்பிணிக்கு ஆகாத மருந்தும் உலகத்தில் உண்டாம். நான் பயந்ததில் அந்த மட்டும் உண்மை இருக்கிறது. அதனால்தான் கடையில் கேட்டு வாங்கக் கூடாது, அடுத்த வீட்டில் மிஞ்சியதை வாங்கிக் கொடுக்கக் கூடாது, எத்தனையாவது மாதம் என்று டாக்டரிடம் சொல்லியே மருந்து கேட்க வேண்டும். உன் டாக்டர் மாதம் தெரிந்தே கொடுத்திருக்கிறார். இன்னும் சந்தேகம் இருந்தால் மருந்தை ஒளித்துவைக்காதே, அவரிடமே போய், இது பிள்ளைக்கு ஆகுமா என்று முகத்துக்கு நேரே கேள். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல். இத்தனை நாள் மாத்திரை கொடுக்கவில்லை என்பதையும் சொல், வெட்கப்படாதே. நான் சொல்லாததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று டாக்டரம்மா சொன்னார்கள். தெரிந்திருந்தால் அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்களாம்.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிடும், அதோடு மாத்திரையை நிறுத்திவிடாதே. கிருமி சாகாமல் பதுங்கியிருக்கும், சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும், முடிந்த பிறகு நீரை மறுபடி சோதிக்கச் சொல்ல வேண்டும். உடம்பில் தடிப்பு வந்தாலோ, வாந்தியில் மாத்திரை தங்காமல் போனாலோ, நீர் குறைந்தாலோ, வயிறு இழுத்துப் பிடித்தாலோ, பிள்ளை துடிப்பது குறைந்ததாக அவள் சொன்னாலோ, அந்த நிமிஷமே வண்டி பிடி, விடியட்டும் என்று காத்திருக்காதே. ஆபீஸில் லீவு கேட்க யோசிக்காதே. தண்ணீர் குடிக்கச் சொல். நீ இருக்கிற சால் கட்டடத்தில் வேறு குடித்தனக்காரர்களும் இருப்பார்கள், கக்கூசு எல்லோருக்கும் பொது என்று எழுதியிருந்தாய். அவளும் நம் கடற்கரை மணப்பாட்டுப் பெண், கூச்சப்பட்டு அடக்குவாள், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நீ கேள். புருஷன் இதையெல்லாம் கேட்பதா என்று நினைக்காதே. இரவில் போக வேண்டுமென்றால் நீயே விளக்கை எடுத்துக்கொண்டு கூடப் போய் வெளியே நில். எந்தக் காத்தும் கறுப்பும் அவளை ஒன்றும் செய்யாது. நம் வீட்டுப் பெண்ணை அடித்த கறுப்பு வெளியே இருந்து வரவில்லை.

அந்தச் சிரட்டையை இன்று காலை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது, அதில்தான் கஞ்சி வைத்தேன்.

சூசையம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். பிலோமி போனதிலிருந்து தினம் மத்தியானம் அவள் வீட்டுக் குழம்பு ஒரு கிண்ணம் எனக்கு வரும். தனியாள் என்ன சமைப்பான் என்று கொடுத்துவிடுவாள். நான் சொல்லி முடித்தபோது அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று கிண்ணம் வரவில்லை. மணி மூன்று ஆகிறது, இனிமேல் வராது. அது நியாயம்தான். ஆனாலும் வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். கிழட்டு மனசு, என்ன செய்ய. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் வெளியே வரும்போது மாதா கோவில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லப் போகிறேன். டாக்டரம்மா இதைச் செய்யச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. கேட்காமலேயே அவர்களுக்கு நான் செய்ய வேண்டியது அது. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் என்னோடு யார் பேசுவார்களோ தெரியாது. ஆனால் காய்ச்சலில் கிடக்கிற ஏதோ ஒரு பெண்ணை அவள் அப்பனோ புருஷனோ வண்டியில் ஏற்றுவான்.

உன்னிடம் மன்னிப்பு கேட்டு ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன், மேலே மை தீட்டியிருப்பது அதுதான். உன் அக்காவை உன்னிடமிருந்து எடுத்தவன், பிறகு உன் பெண்டாட்டிக்கும் அதே குழியை வெட்டி வைத்தவன், எந்த முகத்தோடு கேட்பேன்? நீ எனக்கு இனிமேல் எழுதாமல் இருந்தால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் இந்த ஏழு நாளைக்கு மட்டும் தினம் ஒரு கார்டு போடு. விசாரிப்பு வேண்டாம், என் பெயர்கூட வேண்டாம். கொடுத்தேன், காய்ச்சல் இவ்வளவு, பிள்ளை துடிக்கிறது என்று ஒரு வரி போதும். தபால்காரர் வருகிற நேரத்தில் நான் வாசலில் இருப்பேன்.

இன்னும் ஒன்று. மாத்திரையை நீ அவள் வாயில் போடாதே. அவள் கையிலேயே கொடு. உள்ளங்கையில் வைத்து, அது என்ன நிறம் என்று அவளே பார்க்கட்டும். இது என்ன மாத்திரை என்று அவள் கேட்டால், கேட்பது எதுவானாலும், உண்மையைச் சொல். பிறகு தம்ளர் நிறையத் தண்ணீர் கொடு.

அப்பா